அத்தியாயம் 6: ஓ.எம்.ஆர். பக்கம் வாடகைக்கு விட ஒரு ஃபிளாட்

குடியிருக்க வீடு வாங்குகிறவர் வாசல் எந்தத் திசை, பூஜைக்கு இடம் உண்டா, பால்கனியில் நின்றால் என்ன தெரியும் என்றெல்லாம் பார்ப்பார். பார்க்கத்தான் வேண்டும், காலம் முழுக்க அங்கே இருக்கப் போகிறவர் அவர். வாடகைக்கு விட வாங்குகிறவரின் கேள்விகள் வேறு. இந்த வீட்டுக்கு யார் குடிவருவார்? எவ்வளவு கொடுப்பார்? அவர் காலி செய்தால் அடுத்தவர் வர எத்தனை நாள் ஆகும்? எல்லாச் செலவும் போகக் கையில் எவ்வளவு நிற்கும்? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் கொடுக்கும் டோக்கன் அட்வான்ஸ், ஆசைக்குக் கொடுக்கும் அட்வான்ஸ்.

இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொண்ட இடம் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை. அரசு ஏட்டில் ராஜீவ் காந்தி சாலை. ஊர் வாயில் ஓ.எம்.ஆர். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து, மத்திய கைலாஷ் தொடங்கி சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அவற்றைத் தொடர்ந்து அடுக்குமாடிகளும் வந்தன. வேலைக்கு வருகிறவர்களை நம்பியே வீடுகள் எழுந்த சாலை இது. ஆகவே வாடகை முதலீட்டின் நல்லது கெட்டது இரண்டும் இங்கே தெளிவாகத் தெரியும். வேறு நகரத்தில் வாங்குகிறவரும் எண்களை மாற்றிக்கொண்டு இதே வழியில் போகலாம்.

சாலை ஒன்று, சந்தை மூன்று

"ஓ.எம்.ஆர்.ல வீடு இருக்கு சார்" என்று தரகர் சொன்னால், எந்த ஓ.எம்.ஆர். என்று கேளுங்கள். வடக்கிலிருந்து தெற்கே போகப் போக விலை, வாடகை, குடித்தனக்காரர் எல்லாமே மாறும்.

முதல் பகுதி தரமணி, கந்தன்சாவடி, பெருங்குடி, இவற்றை ஒட்டிய திருவான்மியூர். பறக்கும் ரயில் நிலையங்கள் பக்கத்தில். அடையாறு, வேளச்சேரி, கிண்டி என எந்தப் பக்கமும் போய்வரலாம். கணவன் ஒரு திசையிலும் மனைவி இன்னொரு திசையிலும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கே வீடு தேடும். பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டால் சில வருடம் நகர மாட்டார்கள். வீடு காலியாகக் கிடக்கும் நாள் குறைவு. ஆனால் வாங்கும் விலை அதிகம் என்பதால், போட்ட பணத்தில் வாடகை எத்தனை சதவீதம் என்று பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும்.

இரண்டாவது துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர். பல்லாவரத்திலிருந்து வரும் 200 அடிச் சாலையும் மேடவாக்கத்திலிருந்து வரும் சாலையும் இங்கேதான் ஓ.எம்.ஆரைத் தொடுகின்றன. சோழிங்கநல்லூரில் எல்காட் வளாகம், பெரிய நிறுவனங்களின் அலுவலகங்கள். தனியாக இருக்கும் இளைஞர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வீடு எடுப்பவர்கள், புதிதாகத் திருமணமானவர்கள் என்று கலந்து வருவார்கள். வாடகைக்கு ஆள் கிடைப்பது எளிது. அதே ஆள் கம்பெனி மாறியதும் கிளம்புவதும் எளிது. பி.ஜி. விடுதிகளும் உங்களுக்குப் போட்டி.

மூன்றாவது நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம். சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா சிறுசேரியில் இருக்கிறது. ஒரே வளாகத்தில் நூற்றுக்கணக்கில் ஃபிளாட்டுகள் கொண்ட டவுன்ஷிப்கள் இங்கே அதிகம். விலை குறைவு, நீச்சல்குளம், ஜிம், கிளப் ஹவுஸ் எல்லாம் உண்டு. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. உங்கள் வீடு காலியாகும் அதே மாதம் அதே வளாகத்தில் அதே அளவில் இன்னும் இருபது வீடு காலியாக இருந்தால், வாடகையை முடிவு செய்வது நீங்கள் அல்ல; அந்த இருபது பேரில் மிகவும் அவசரப்படுகிறவர்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. வேலை நாளில் இரவு எட்டரை மணிக்கு மேல் வளாகத்துக்குப் போய், விளக்கு எரியாத ஜன்னல்களை எண்ணுங்கள். வெளியூர் போனவர்களும் இருப்பார்கள் என்பதால் வேறொரு நாளும் போய்ப் பாருங்கள். பிறகு வாசல் செக்யூரிட்டியிடம், "அண்ணே, பி பிளாக்குல எத்தனை வீடு காலியா இருக்கு? வாடகை எவ்வளவு சொல்றாங்க, எவ்வளவுக்கு முடியுது?" என்று கேளுங்கள். சொல்லும் வாடகைக்கும் முடியும் வாடகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது அவருக்குத் தெரியும்.

மெட்ரோ வரும் என்ற பேச்சு

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒரு வழித்தடமும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை இன்னொன்றும் திட்டமிடப்பட்டவை. இரண்டும் சோழிங்கநல்லூரைத் தொடுகின்றன. 2020 நவம்பரில் இந்தக் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்று முதல் ஓ.எம்.ஆரில் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும், "மெட்ரோ ஓட ஆரம்பிச்சா இந்த விலைக்குக் கிடைக்காது சார்" என்ற வசனம் தவறுவதில்லை.

விலை ஏறலாம். ஆனால் விற்பவரும் அதே செய்தியைப் படித்தவர்தான். நாளைய ரயிலுக்கான விலையை இன்றே கேட்கிறார். குடித்தனக்காரரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகே அதற்குப் பணம் கொடுப்பார். நடுவில் உள்ள வருடங்களை உங்கள் பணம்தான் சுமக்க வேண்டும். தூரத்தையும் விளம்பரத்தில் பார்க்காமல் காலால் அளந்து பாருங்கள். நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடத்தில், இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தயங்காமல் நடந்து வர முடிந்தால் அது மெட்ரோ வீடு. ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தால் மெட்ரோவுக்கென்று கூடுதலாக எதுவும் கொடுக்கத் தேவையில்லை.

குடிவருகிறவர் கண்ணால் பாருங்கள்

அலுவலகம் போகிறவர் முதலில் பார்ப்பது நேரத்தை. எனவே நீங்களும் காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டிலிருந்து கிளம்பி, பக்கத்துப் பெரிய அலுவலக வளாகம் வரை போய்ப் பாருங்கள். தெரு முனையிலிருந்து முக்கியச் சாலைக்கு ஏறவே கால் மணி நேரம் ஆகிறதா, எதிர்ப்பக்கம் போக எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும், கம்பெனி கேப் வாசல் வரை வருமா என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது.

அடுத்தது அளவு. இந்தச் சாலையில் எளிதாக வாடகைக்குப் போவது நடுத்தர அளவு டூ பி.ஹெச்.கே. குடும்பமும் எடுக்கும், நண்பர்கள் சேர்ந்தும் எடுப்பார்கள். பெரிய த்ரீ பி.ஹெச்.கே.க்கு விலை ஒன்றரை மடங்கு ஆகும்போது வாடகையும் அதே அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏறாது.

ஃபிளாட்டின் அளவைச் சொல்லும்போது படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்து 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கில் சொல்வார்கள். 'கார்ப்பெட் ஏரியா' எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுவருக்குள் நடமாடும் இடம் அதுதான். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பில்டர் விற்க வேண்டியதும் அந்த அளவில்தான்.

குடித்தனக்காரர் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காத விஷயங்கள் சில: மூடிய கார் பார்க்கிங், ஜெனரேட்டர், ஃபைபர் இணைய வசதி, அலமாரி அடித்த சமையலறை, வெளிச்சமுள்ள அறைகள், சுத்தமான குளியலறை. நீச்சல்குளத்தை வீடு பார்க்க வரும் அன்று ரசிப்பார். அதற்காக வாடகையில் ஆயிரம் ரூபாய் கூட்டச் சொன்னால் யோசிப்பார். ஆனால் குளத்தைப் பராமரிக்கும் செலவு மாதா மாதம் மெயின்டனன்ஸில் வந்துகொண்டே இருக்கும். மெயின்டனன்ஸ் ஏற ஏற, அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் குடித்தனக்காரர் வாடகையைக் குறைத்துக் கேட்பார்.

அசோசியேஷன் விதிகளை வாங்குவதற்கு முன்பே படியுங்கள். "பேச்சிலர்களுக்கு வாடகைக்கு விடக்கூடாது" என்று ஒரு வரி இருந்தால், சோழிங்கநல்லூர் போன்ற இடத்தில் பாதிச் சந்தை உங்களுக்கு இல்லை. உங்கள் பக்கத்து நிபந்தனைகளையும் எண்ணிப் பாருங்கள். சைவம் மட்டும், குடும்பம் மட்டும், இன்ன ஊர்க்காரர் மட்டும் என்று சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு நிபந்தனைக்கும் சில வாரம் வீடு பூட்டிக் கிடக்கும்.

தண்ணீர்

சென்னையில் வாடகை வீட்டின் தலையெழுத்தைத் தண்ணீர்தான் எழுதுகிறது. ஓ.எம்.ஆரில் பல அடுக்குமாடிகள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பி நிற்பவை. கடல் பக்கம் என்பதால் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-லிருந்து இயங்குகிறது, 2024-ல் இரண்டாவது நிலையமும் சேர்ந்தது. இருந்தாலும் நிலையம் இருப்பது வேறு, அதன் குழாய் உங்கள் வளாகத்துக்கு வந்திருப்பது வேறு.

எனவே வாய் வார்த்தையாகக் கேட்காதீர்கள். அசோசியேஷன் கணக்குப் புத்தகத்தில் கடந்த இரண்டு கோடைகளின் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களைப் பாருங்கள். டேங்கருக்கு எவ்வளவு போனது என்பது அங்கே இருக்கும். அதே பக்கத்தில் கழிவுநீருக்கு என்ன வழி என்பதும் தெரியும்: பாதாளச் சாக்கடை இணைப்பா, வளாகத்திலேயே சுத்திகரிப்பு நிலையமா, லாரி வைத்து அகற்றுகிறார்களா? நிலையம் இருந்தால் அது ஓடுகிறதா என்று மூக்கே சொல்லிவிடும்.

பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் 2011 விரிவாக்கத்தில் சென்னை மாநகராட்சிக்குள் வந்தவை. நாவலூரும் அதற்குத் தெற்கே உள்ளவையும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பவை. சொத்து வரி, குடிநீர், குப்பை என்று யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது இந்த எல்லையைப் பொறுத்தது.

வெள்ளம்

இந்தச் சாலையின் மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் அதில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக ஓ.எம்.ஆரைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. இந்த வழி முழுக்கச் சாலையும் கட்டடமும் குப்பைமேடும் ஏறியிருப்பதால் தண்ணீர் தேங்கித்தான் போகிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பக்கத்துக் குடியிருப்புகள் நாள்கணக்கில் நீரில் நின்றன.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்ததா?" என்று கேட்டால், "நாலாவது மாடிக்கு எப்படி சார் வரும்?" என்று சிரிப்பார்கள். கேள்வியை மாற்றுங்கள். அந்த இரண்டு முறையும் கார் எத்தனை நாள் வெளியே போக முடியவில்லை? ஜெனரேட்டரும் மின்மாற்றியும் தரையில் இருக்கின்றனவா, மேடையில் இருக்கின்றனவா? லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கியதா? குடிநீர்த் தொட்டியில் சாக்கடை கலந்ததா? கரண்ட் எத்தனை நாள் இல்லை? கீழே உள்ள அயர்ன் கடைக்காரரிடமும் பால் போடுகிறவரிடமும் கேளுங்கள். அவர்களுக்கு விற்க வேண்டிய வீடு எதுவும் இல்லை.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் எனும் உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்தது. அதையும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்தையும் பற்றிய கட்டுமான அனுமதி விவகாரம் 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அந்தப் பக்கம் கட்டுமானத்தில் உள்ள ஃபிளாட் என்றால், திட்ட அனுமதி எந்தத் தேதியில் கிடைத்தது, இன்றைய நிலை என்ன என்பதை வழக்கறிஞர் மூலம் எழுத்தில் வாங்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

கட்டி முடித்ததா, கட்டிக்கொண்டிருப்பதா?

வாடகை வருமானமே நோக்கம் என்றால் கட்டி முடித்த வீடுதான் நல்லது. வாங்கிய அடுத்த மாதமே வாடகை தொடங்கும். அதே வளாகத்தில் நடப்பு வாடகை என்ன என்று நேரிலேயே தெரியும். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் இரண்டு மூன்று வருடம் வட்டி மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட்டுக்குப் பொதுவாக 5 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுமான நிறைவுச் சான்றிதழ் வந்தபின் விற்கும் வீட்டுக்கு அது கிடையாது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல், பில்டரிடமிருந்து முதல் முறையாக வாங்கும் புதிய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 50 லட்சம் வரை 6 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம் என்று வைத்தார்கள். கைமாறி வரும் பழைய வீட்டுக்கு 9 சதவீதம். ஆக, நிறைவுச் சான்றிதழ் கிடைத்தும் விற்காமல் பில்டர் கையில் நிற்கும் புதிய ஃபிளாட்டுக்குத்தான் வரிச் சுமை மிகக் குறைவு. பேரம் பேசவும் அங்கே இடம் இருக்கும். விகிதங்கள் மாறக்கூடியவை என்பதால் பதிவுத் துறையின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுமானத்தில்தான் வாங்குவது என்று முடிவெடுத்தால் ரெரா பதிவு எண் இல்லாமல் பேசாதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ உள்ள திட்டத்துக்குப் பதிவு கட்டாயம். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. வீடு ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும்.

பத்திரம்

காகித வேலையை வழக்கறிஞர் பார்ப்பார். ஆனால் எதைப் பார்க்கச் சொல்வது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை தொடர்ச்சி அறுபடாமல் இருக்கிறதா? குறைந்தது முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள்.

2. நிலத்தின் பழைய வகைப்பாடு என்ன? இந்தப் பக்கம் ஏரி, கழுவெளி, ஓடை, மேய்க்கால், கோயில் நிலம் எல்லாம் பக்கத்துப் பக்கத்துச் சர்வே எண்களில் வரும். பட்டாவோடு கிராமத்தின் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

3. யு.டி.எஸ். எனும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி? மாடி கூடக் கூட இது குறையும். வாடகையில் இதற்கு வேலையில்லை. ஆனால் கட்டடம் வயதாகி, இடித்துக் கட்டும் பேச்சு வரும் காலத்தில் உங்கள் கையில் மிஞ்சுவது இந்தப் பங்குதான்.

4. ஒப்புதல் பெற்ற வரைபடமும் நிற்கும் கட்டடமும் ஒன்றா? வரைபடத்தில் இல்லாத மேல்தளத்தில் உள்ள வீடு மலிவாகக் கிடைக்கும். வங்கிக் கடன் கிடைக்காது, விற்கும்போது ஆளும் கிடைக்காது. நிறைவுச் சான்றிதழையும் கேளுங்கள்.

5. விற்பவருக்குக் கடன் இருந்தால் மூலப் பத்திரங்கள் எந்த வங்கியில் உள்ளன என்ற பட்டியலை வாங்குங்கள். பவர் ஏஜென்ட் கையெழுத்திடுகிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவது வாங்குகிறவரான உங்கள் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டுவாசியாக இருந்தால் பிடித்தமும் விதியும் வேறு. ஓ.எம்.ஆரில் அப்படிப்பட்ட உரிமையாளர்கள் ஏராளம். டோக்கன் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைக் கேளுங்கள்.

7. அசோசியேஷன், சொத்து வரி, மின் கட்டணம் மூன்றிலும் பாக்கி இல்லை என்பதற்கு ரசீது வாங்குங்கள். கார் பார்க்கிங் எந்த எண், எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது என்பதையும் இதோடு பாருங்கள்.

குடித்தனம் வைத்தல்

பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவே வேண்டாம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து தப்ப வந்த வழக்கம் அது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வேறு. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதினோரு மாதத்துக்கும் இது பொருந்தும். பதியாத ஒப்பந்தத்தோடு தகராறில் நின்றால் உங்கள் கைதான் பலவீனப்படும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னைப் பழக்கத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வாடகை எவ்வளவு, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, அடுத்த வருடம் எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பது, முன்னறிவிப்பு எத்தனை மாதம் என்பதை எழுத்தில் போடுங்கள். சாவி கொடுக்கும் அன்று எல்லா அறைகளையும் ஃபோனில் படம் பிடித்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் வரும் சண்டையில் பாதி இதிலேயே தீரும். நல்ல குடித்தனக்காரர் அமைந்துவிட்டால் ஆயிரம் ரூபாய் ஏற்றத்துக்காக அவரை விடாதீர்கள். ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் போவது அதைவிட அதிகம்.

கணக்கு

இனி எண்கள். கீழே உள்ளவை கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் வீட்டின் எண்களை அதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

கைமாறி வரும் ஒரு டூ பி.ஹெச்.கே. விலை 65 லட்சம். முத்திரைத் தீர்வை, பதிவு 9 சதவீதம் 5,85,000. தரகும் சட்டச் செலவும் 65,000. பெயின்டிங், அலமாரி, ஃபேன், சில்லறை வேலைகள் 1,50,000. மொத்தம் 73 லட்சம். முதலீடு என்பது இந்தத் தொகை.

மாத வாடகை 25,000. மெயின்டனன்ஸ் குடித்தனக்காரர் கட்டுகிறார். வருடத்துக்கு 3 லட்சம். இதை 65 லட்சத்தால் வகுத்து "4.6 சதவீதம் வருது சார்" என்பார் தரகர். நாம் கழிக்க வேண்டியதைக் கழிப்போம். ஒரு மாதம் காலியாகக் கிடப்பதற்கும் ஆள் பிடிக்கும் தரகுக்கும் 30,000. சொத்து வரி, காப்பீடு 10,000. பழுது வேலை 20,000. மிஞ்சுவது 2,40,000. அதை 73 லட்சத்தால் வகுத்தால் 3.3 சதவீதம்.

வருமான வரி இன்னும் இருக்கிறது. வாடகையிலிருந்து கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைச் செலவுக்கென்று கழிக்கலாம். உண்மையில் எவ்வளவு செலவழித்தாலும் அந்தக் கழிவு அவ்வளவுதான். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்குக் கடன் இல்லாத நிலையில் கையில் நிற்பது சுமார் 2.5 சதவீதம். வங்கி வைப்பு நிதி இதைவிட அதிகம் கொடுக்கும்.

கடனோடு பார்ப்போம். 65 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 52 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 45,100. செலவு போக வாடகை மாதம் 20,000. மீதி 25,000 ரூபாய் மாதா மாதம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். "வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும்" என்பது இந்த விலையில் நடக்காத காரியம். வட்டியை வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அப்படிக் கழித்து வரும் நஷ்டத்தைப் பழைய வரி முறையில் வருடம் 2 லட்சம் வரைதான் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியும். புதிய முறையில் அதுவும் இல்லை.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாடகை வருடா வருடம் ஏறும், தவணை பெரும்பாலும் ஏறாது. பத்து வருடத்தில் இடைவெளி குறையும். நிலத்தின் மதிப்பும் ஏறலாம். ஆனால் 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியபோது அலுவலகங்களை நம்பி நின்ற வீடுகள் காலியானதையும் இந்தச் சாலை பார்த்திருக்கிறது. வாடகை வராத ஆறு மாதத்துக்குத் தவணை கட்டும் பணம் தனியாக இல்லாதவர் கடனில் வாங்கக் கூடாது.

விலை ஏற்றமும் அலுவலகங்கள் வருவதும் போவதும் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது வாங்கும் விலை ஒன்றுதான். அதை விற்பவர் சொல்லும் தொகையிலிருந்து தொடங்காமல் வாடகையிலிருந்து தொடங்குங்கள். செலவு போக வருட வாடகை 2,40,000. வரிக்கு முன் 4 சதவீதமாவது வேண்டும் என்று முடிவெடுத்தால், உங்கள் மொத்த முதலீடு 60 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதில் வீட்டு வேலைக்கு ஒன்றரை லட்சத்தை எடுத்துவையுங்கள். பதிவு, தரகு, சட்டச் செலவு சேர்ந்து விலையில் 10 சதவீதம் என்று மீதியைப் பிரித்தால், விலையாகக் கொடுக்கக்கூடியது சுமார் 53 லட்சம்.

65 சொல்கிறவர் 53-க்கு இறங்குவது அரிது. அதனால் கணக்கு தப்பு என்று ஆகிவிடாது. அந்த வீடு குடியிருப்பவருக்கான விலையில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து எழுந்து அடுத்த வீட்டுக்குப் போங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டைக் கவனிக்க முடியாதவர், சொத்தைப் பிரிக்கும் குடும்பம், கடைசி நாலு ஃபிளாட்டுகளை விற்று முடிக்கத் துடிக்கும் பில்டர் என்று உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வரக்கூடிய ஆட்கள் இந்தச் சாலையில் அவ்வப்போது கிடைப்பார்கள். வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாடல் ஃபிளாட்டின் சோபாவில் உட்கார்ந்த பிறகு போடும் கணக்கு எப்போதும் விற்பவர் பக்கமே சாயும்.